பல்லைப் பிடுங்குமுன் முரசைப் பாருங்கள்

குடும்ப சுகாதாரப் பாடம் – வீட்டிலும் மாதர் சங்கக் கூட்டத்திலும் விவசாயிகள் ஒன்றுகூடலிலும் வாசித்துக் கலந்துரையாடுவதற்கு



ஒரு குடும்பத்தை மனதில் எடுத்துக்கொள்வோம். கல்முனைக் கரையோரத்தில் வீடு. மேற்கே வட்டையில் இரண்டு ஏக்கர் வயல். 1990இல் கலவரம் வந்தபோது ஒருமுறை ஊரை விட்டு ஓடினார்கள். 2004 டிசம்பர் 26ஆம் திகதி கடல் வந்து வீட்டையே கொண்டுபோனது. பிறகு பாடசாலைக் கட்டடம், கூடாரம், தகரக் கொட்டில் என்று மாறி மாறி இருந்து, கடைசியில் வேறோர் இடத்தில் சிறிய வீடொன்றில் குடியேறினார்கள். இவ்வளவுக்குள்ளும் வயலைக் கைவிடவில்லை. பிள்ளைகளைப் படிக்க வைத்தார்கள்.

இன்று அந்தக் குடும்பத் தலைவருக்கு ஐம்பது வயதாகிறது. அவருடைய கீழ் முன்பல் இரண்டு ஆடுகின்றன. பூச்சி விழுந்த பல் ஒன்றுகூட அவருக்கு இல்லை.

மனைவி சொல்கிறார்: "இஞ்சேருங்க, பல்லு ஆடுதெண்டா ஆஸ்பத்திரியில ஒருக்காக் காட்டுங்களன்."

அவர் சொல்கிறார்: "வயசு போனா பல்லு ஆடுந்தானே புள்ள. நோகுதும் இல்ல. நொந்தாப் போய்ப் புடுங்கிட்டு வருவம்."

இந்தப் பதிலை நம்மில் எத்தனை பேர் சொல்லியிருப்போம்! இதற்குள் மூன்று தவறான எண்ணங்கள் இருக்கின்றன. வயதானால் பல் விழத்தான் வேண்டும் என்பது முதலாவது. நோவு இல்லாவிட்டால் நோய் இல்லை என்பது இரண்டாவது. பல் வைத்தியரிடம் போவது பிடுங்குவதற்கு மட்டுமே என்பது மூன்றாவது. இம்மூன்றும் ஏன் தவறு என்பதையும், பல்லைக் காப்பாற்ற நம்மால் செய்யக்கூடியது என்ன என்பதையும் இப்பாடத்தில் பார்ப்போம்.

1. பல் எதனால் நிற்கிறது?

வேலிக்கு ஒரு கட்டை நடுகிறோம். கட்டை உறுதியாக நிற்பது அதன் பலத்தினால் மட்டுமல்ல. அதைச் சுற்றி இறுகியிருக்கும் மண்ணினாலும்தான். மழை வெள்ளம் அடிமண்ணை அரித்துக்கொண்டு போனால், எவ்வளவு நல்ல முதிரைக் கட்டையும் ஆடத் தொடங்கும், பின்னர் சாயும். கட்டையில் பழுது இல்லை. மண்தான் போய்விட்டது.

பல்லும் அப்படியே. பல்லின் வேர் தாடை எலும்புக்குள் இருக்கிறது. வேரையும் எலும்பையும் மெல்லிய நார்கள் இணைக்கின்றன. மேலே முரசு, அதாவது ஈறு, கழுத்துப் பட்டி போலப் பல்லைச் சுற்றிப் பிடித்திருக்கிறது. முரசு நோயில் அழிவது இந்தப் பிடிமானம். அதனால்தான் பூச்சி விழாத வெண்மையான பல்லும் ஒருநாள் கையோடு வந்துவிடுகிறது.

2. நோய் எப்படித் தொடங்குகிறது?

பல்லைத் தீட்டி முடித்த சில மணி நேரத்துக்குள்ளேயே அதன்மேல் மெல்லிய படலம் ஒன்று படியத் தொடங்கும். நாக்கினால் தடவினால் வழவழப்பாக இருக்கும். இதைத்தான் பல்லூத்தை என்கிறோம். இது உணவு மிச்சம் மட்டுமல்ல. கண்ணுக்குத் தெரியாத கோடிக்கணக்கான கிருமிகள் கூடி வாழும் படலம். முரசும் பல்லும் சேரும் ஓரத்திலும், இரு பற்களுக்கு இடையிலும் இது அதிகமாகத் தங்கும். இந்த நிலையில் தூரிகையால் எளிதில் அகற்றிவிடலாம்.

அகற்றாமல் விட்டால் என்ன நடக்கும்? உமிழ்நீரில் உள்ள சுண்ணாம்புச் சத்து அதில் படிந்து, சில நாட்களில் அதைக் கெட்டியாக்கத் தொடங்கும். இரண்டு வாரமளவில் கல்லுப் போலாகிவிடும். இதுதான் பற்காறை. தண்ணீர் கொதிக்க வைக்கும் கேத்தலின் உள்ளே வெள்ளையாகக் கட்டிப் பிடிப்பதைப் பார்த்திருப்பீர்கள், ஏறக்குறைய அப்படித்தான். கீழ் முன்பற்களின் உட்பக்கத்திலும் மேல் கடைவாய்ப் பற்களின் வெளிப்பக்கத்திலும் இது கூடுதலாகக் கட்டும். உமிழ்நீர் வந்து விழும் வாய்கள் அவ்விடங்களுக்கு அருகில் இருப்பதே காரணம்.

பற்காறை கட்டிய பின் எவ்வளவு தீட்டினாலும் போகாது. அதன் சொரசொரப்பான மேற்பரப்பில் புதிய ஊத்தை இன்னும் இலகுவாகப் பிடிக்கும். கிருமிகளை எதிர்க்க உடல் போராடுவதால் முரசு சிவந்து வீங்கும். தொட்டால் இரத்தம் வரும். இது முதற் கட்டம். இக்கட்டத்தில் சுத்தம் செய்தால் முரசு முழுமையாகக் குணமாகும்.

இதற்குச் சான்று உண்டு. டென்மார்க்கின் ஓகூஸ் நகரில் ஹரால்ட் லோ என்ற நோர்வே நாட்டு அறிஞரும் அவருடைய தோழர்களும் 1965இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். நல்ல முரசு உள்ள 12 பேர் தாமாகவே முன்வந்து பல் தீட்டுவதை நிறுத்தினார்கள். 10 முதல் 21 நாட்களுக்குள் எல்லோருடைய முரசும் அழற்சி கண்டது. மறுபடி தீட்டத் தொடங்கியதும் ஒரு வாரமளவில் பழைய நிலைக்குத் திரும்பியது. முரசைக் கெடுப்பது பல்லூத்தையே என்பது அன்று ஐயத்துக்கு இடமின்றித் தெளிவாயிற்று.

ஆனால் மாதக்கணக்காக, ஆண்டுக்கணக்காக அப்படியே விட்டால் பலருக்கு நோய் இரண்டாம் கட்டத்துக்குச் செல்கிறது. முரசு பல்லை விட்டுக் கழன்று, இடையில் ஒரு பை போன்ற குழி உண்டாகும். தூரிகை எட்டாத அக்குழிக்குள் கிருமியும் காறையும் சேரும். நாரும் எலும்பும் கரையும். கரைந்த எலும்பு தானாகத் திரும்ப வளராது. இவ்வளவும் பெரும்பாலும் நோவு இல்லாமலே நடக்கிறது. ஆகவே, "நோகுதில்லை" என்பது நாம் நம்பியிருக்கக்கூடிய சாட்சியல்ல.

3. தேயிலைத் தோட்டத்தில் உலகம் கற்ற பாடம்

முரசு நோயைக் கவனிக்காமல் விட்டால் ஒரு மனிதனின் வாயில் என்ன நடக்கும் என்பதை உலகம் எங்கே கற்றது தெரியுமா? நம் நாட்டில்தான். இன்றும் உலகெங்கும் பல் வைத்திய மாணவர்கள் இதைப் படிக்கிறார்கள்.

1970ஆம் ஆண்டு, அதே ஹரால்ட் லோ அவர்களும் குழுவினரும் மலையகத்தில் டன்சினன், ஹரோ ஆகிய இரு தேயிலைத் தோட்டங்களில் 480 தமிழ்த் தொழிலாளர்களைப் பரிசோதித்தார்கள். எல்லோரும் ஆண்கள், 14 வயதுக்கும் 31 வயதுக்கும் இடைப்பட்டவர்கள். அவர்களுக்குப் பல் வைத்திய வசதி கிடைத்ததில்லை. தூரிகையால் பல் தீட்டும் வழக்கமும் இருக்கவில்லை. அவர்களைப் பல தடவை மீண்டும் பரிசோதித்து, 15 ஆண்டுகளின் முடிவுகளை 1986இல் வெளியிட்டார்கள்.

அத்தொழிலாளர்களுக்குப் பற்சூத்தை ஏறக்குறைய இல்லை. ஆகவே விழுந்த பற்கள் முரசு நோயினாலேயே விழுந்தன என்று உறுதியாகச் சொல்ல முடிந்தது. காறையும் முரசு அழற்சியும் எல்லோருக்கும் இருந்தன. ஆனால் நோய் எல்லோரிடமும் ஒரே வேகத்தில் செல்லவில்லை.

நூறு பேரில் 8 பேருக்கு நோய் மிக வேகமாகச் சென்றது. இவர்கள் 20 வயதிலேயே பல் இழக்கத் தொடங்கி, 35 வயதில் 12 பற்களையும், 40 வயதில் 20 பற்களையும், 45 வயதில் எல்லாப் பற்களையும் இழந்தார்கள்.

நூறு பேரில் 81 பேருக்கு நடுத்தர வேகம். 30 வயதுக்குப் பின்னரே பல் விழத் தொடங்கியது. 45 வயதில் சராசரியாக 7 பற்கள் போயிருந்தன.

நூறு பேரில் 11 பேருக்கு முரசு அழற்சி இருந்தும் அதற்கு மேல் நோய் முற்றவில்லை. அவர்கள் பல் ஒன்றையும் இழக்கவில்லை.

இதில் நமக்கு ஒரு விளக்கம் கிடைக்கிறது. "எங்கட மூத்தப்பா ஒருநாளும் பிரஷ் பிடிச்சதில்லை, எண்பது வயதிலும் கச்சான் கடிச்சார்" என்று ஊரில் சொல்வார்கள். அது உண்மையாகவே இருக்கலாம். அவர் அந்தப் பதினொரு பேரில் ஒருவராக இருந்திருப்பார். ஆனால் பேரன் எந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவன் என்பதை முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. மூத்தப்பாவின் அதிர்ஷ்டத்தை நம்பிப் பேரன் பல்லை விட்டுவிடக் கூடாது.

இதே காலத்தில் நோர்வேயின் ஒஸ்லோ நகரில் சிறுவயது முதல் ஒழுங்காகப் பற்சிகிச்சை பெற்று வந்த மாணவர்களையும் கல்விமான்களையும் அதே குழு பரிசோதித்து வந்தது. அவர்களின் பற்பிடிமானம் ஆண்டுக்கு ஒரு மில்லிமீற்றரின் பத்தில் ஒரு பங்களவே குறைந்தது. தோட்டத் தொழிலாளருக்கோ இரண்டு மூன்று மடங்கு வேகத்தில் குறைந்தது. வாழ்நாள் முழுவதும் கூட்டிப் பார்த்தால், பல்லோடு முதுமை அடைவதற்கும் பல்லின்றி முதுமை அடைவதற்கும் உள்ள வேறுபாடு இதுதான்.

40 ஆண்டுகளின் பின்னர் அத்தொழிலாளர்களைத் தேடிச் சென்றபோது 75 பேரை மட்டுமே மறுபடி பரிசோதிக்க முடிந்தது. 2017இல் வெளியான அந்த முடிவும் அதையே சொன்னது: காறையை அகற்றுவதும், ஊத்தை சேராமல் பார்ப்பதும், முரசு அழற்சியைத் தடுப்பதுமே பல்லைக் காக்கும் வழி.

ஏழைத் தொழிலாளரின் வாயிலிருந்து உலகம் இப்பாடத்தைக் கற்றது. அதைக் கடைசியாகக் கற்பவர்கள் நாமாக இருக்கலாமா?

4. அடையாளங்கள்

கண்ணாடியை எடுத்துக்கொண்டு வெளிச்சத்தில் நின்று பாருங்கள். நல்ல முரசு இறுக்கமாக இருக்கும். தீட்டும்போது இரத்தம் வராது. சிலருக்கு முரசு இயல்பாகவே கருமையாக இருக்கும். அது நோயல்ல. கீழ்க்காண்பவை நோயின் அறிகுறிகள்:

– பல் தீட்டும்போது அல்லது பழம் கடிக்கும்போது இரத்தம் வருதல்
– முரசு சிவந்து வீங்கியிருத்தல்
– விலகாத வாய் நாற்றம்
– முரசு கீழிறங்கி, பல் நீண்டது போலத் தோன்றுதல்
– பற்களுக்கு இடையே புதிதாக இடைவெளி உண்டாதல்
– முரசை அழுத்தினால் சீழ் வருதல்
– பல் ஆடுதல்

கடைசி அடையாளம் வரும்வரை காத்திருப்பது, வரம்பு உடைந்து தண்ணீர் எல்லாம் போன பிறகு மண்வெட்டி தேடுவதற்குச் சமம். இரத்தம் வருகிறது என்பதற்காகப் பலர் அந்த இடத்தைத் தீட்டாமல் விடுகிறார்கள். அது தவறு. அங்கேதான் மென்மையாகவும் கவனமாகவும் தீட்ட வேண்டும்.

புகைபிடிப்பவர்கள் இன்னுமொன்றைக் கவனிக்க வேண்டும். புகை முரசின் இரத்த ஓட்டத்தைக் குறைப்பதால் நோய் இருந்தும் இரத்தம் வராமல் இருக்கலாம். நோய் மறைந்திருந்து வேகமாக முற்றும்.

5. பல் சுத்திகரிப்பு என்றால் என்ன?

கட்டிப்போன காறையைப் பல் வைத்தியர் கருவிகொண்டு அகற்றுவதே பல் சுத்திகரிப்பு. ஸ்கேலிங் என்றும் சொல்வார்கள். சிறிய கொக்கி போன்ற கைக்கருவியாலும், தண்ணீர் பீச்சிக்கொண்டு மிக வேகமாக அதிரும் மின்கருவியாலும் இதைச் செய்கிறார்கள். குழி ஆழமாக இருந்தால், அவ்விடத்தை மரக்கச் செய்து வேரின் மேலுள்ள காறையையும் எடுப்பார்கள். காறை அதிகமாயின் இரண்டு மூன்று முறை வரச் சொல்லலாம்.

இதைப் பற்றி ஊரில் பல பயங்கள் உண்டு. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

"சுத்தம் செய்தால் பல் ஆடும்." முரசு நோயில் ஏற்கெனவே பிடிமானம் இழந்த பற்களைச் சில வேளை காறையே ஒன்றோடொன்று கட்டி வைத்திருக்கும். காறையை எடுத்ததும் பல்லின் உண்மையான நிலை தெரிகிறது. ஆட வைத்தது நோய். அதை மறைத்தது காறை. சுத்தம் செய்த பின் முரசு இறுகி, ஆட்டம் குறைவதும் உண்டு.

"பல்லுக்கு இடையே ஓட்டை விழுந்துவிட்டது." அந்த இடத்தைக் காறையும் வீங்கிய முரசும் அடைத்திருந்தன. வீக்கம் வற்றியதும் இடைவெளி தெரிகிறது. இனி அதைச் சுத்தமாக வைத்திருக்க முடியும்.

"பல்லின் மேற்பூச்சு போய்விடும்." பயிற்சி பெற்றவர் முறையாகச் செய்தால் காறைதான் போகும். சில நாட்களுக்குக் குளிர்ந்த நீர் கூசலாம். அது மெல்ல மெல்லக் குறையும்.

"மஞ்சள் புள்ளி போகவில்லையே." உலர் வலயத்தின் சில உட்பகுதிக் கிணறுகளில் புளோரைட் அதிகம். சிறுவயதில் அந்நீரைக் குடித்து வளர்ந்தவர்களின் பல்லில் வெள்ளை அல்லது மண்ணிறத் திட்டுகள் இருக்கலாம். அது பல்லுக்குள்ளே உள்ள நிறம், அழுக்கல்ல. சுத்திகரிப்பால் போகாது.

ஒன்றை மறக்க வேண்டாம். பயிற்சி பெறாதவர்களிடம், சந்தையிலோ தெருவோரத்திலோ, பல் சுத்தம் செய்யக் கொடுக்காதீர்கள். கிருமி நீக்காத கருவியால் ஈரல் அழற்சி போன்ற நோய்கள் பரவலாம். வீட்டில் ஊசியாலும் கத்தி நுனியாலும் சுரண்டுவதும் ஆபத்து. பல் வெளுக்க வைக்கும் என்று புளிப்பான அமிலத் திரவங்களைப் பூசினால் பல்லே கரைந்துவிடும்.

6. எத்தனை முறை செய்ய வேண்டும்?

ஆறு மாதத்துக்கு ஒருமுறை என்று பலர் சொல்வார்கள். அது எல்லோருக்கும் பொருந்தும் சட்டம் அல்ல. முரசு நன்றாக இருந்து ஒழுங்காகத் தீட்டுபவருக்கு, ஆறு மாதத்துக்கு ஒருமுறை சுத்திகரிப்பதால் பெரிய மேலதிக நன்மை இல்லை என்று 2018இல் வெளியான ஆய்வுத் தொகுப்பொன்று காட்டியது. மறுபுறம், நோய் முற்றியவர்கள் மூன்று நான்கு மாதத்துக்கு ஒருமுறை செல்ல வேண்டியிருக்கலாம். உங்களுக்கு எவ்வளவு காலம் என்பதைப் பல் வைத்தியரிடமே கேளுங்கள்.

விவசாயிக்கு நாட்காட்டியை விடப் போகம் நினைவில் நிற்கும். பெரும்போக அறுவடை முடிந்து நெல் வீட்டுக்கு வந்ததும் ஒருமுறை, சிறுபோகம் முடிந்ததும் ஒருமுறை, குடும்பத்தோடு வாயைக் காட்டிக்கொள்வது என்று வைத்துக்கொள்ளலாம். சுத்திகரிப்பு தேவையா இல்லையா என்பதை அங்கே தீர்மானிப்பார்கள்.

சுவீடனின் கார்ல்ஸ்டாட் நகரில் 1972இல் தொடங்கிய திட்டமொன்றில் மக்களுக்குப் பல் தீட்டும் முறையைத் திருத்தமாகக் கற்பித்து, ஒழுங்காகச் சுத்திகரிப்பும் செய்து வந்தார்கள். 30 ஆண்டுகளில் அவர்கள் இழந்த பற்கள் மிகச் சிலவே. அதுவும் பெரும்பாலும் முரசு நோயினால் அல்ல. இங்கே கவனிக்க வேண்டியது, கற்பித்தலும் சுத்திகரிப்பும் சேர்ந்தே நடந்தன என்பதாகும். வைத்தியர் களை பிடுங்கித் தருவார். மறுபடி களை மூடாமல் பார்ப்பது வயல்காரரின் வேலை.

7. வீட்டில் செய்ய வேண்டியவை

(அ) நாளுக்கு இரண்டு முறை தீட்டுங்கள். இரவு படுக்குமுன் தீட்டுவது மிக முக்கியம். உறக்கத்தில் உமிழ்நீர் குறைவதால் கிருமிகளுக்கு அதுவே வசதியான நேரம்.

(ஆ) மென்மையான தூரிகையைப் பயன்படுத்துங்கள். அதை முரசின் ஓரத்தை நோக்கிச் சற்றுச் சாய்த்துப் பிடித்து, சிறு சிறு அசைவாகத் தீட்டுங்கள். வெளிப்பக்கம், உட்பக்கம், கடிக்கும் பக்கம் என மூன்றையும் மறவாமல், மொத்தம் இரண்டு நிமிடம். பலங்கொண்டு தேய்த்தால் முரசு கீழிறங்கும்.

(இ) புளோரைட் உள்ள பற்பசை பற்சூத்தையைத் தடுக்க உதவும். மூன்று வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்கு ஓர் அரிசி மணியளவு, மூன்று முதல் ஆறு வயதுப் பிள்ளைக்கு ஒரு பட்டாணியளவு போதும். ஏழெட்டு வயது வரை பெற்றோர் அருகில் நின்று தீட்டிவிட வேண்டும்.

(ஈ) சாம்பல், கரித்தூள், செங்கல் தூள், மணல் ஆகியவை பல்லைத் தேய்த்து முரசையும் புண்ணாக்கும். இவற்றை விட்டுவிடுங்கள். பற்பசை வாங்க முடியாத நாளில் தூரிகையும் தண்ணீரும் மட்டுமே போதும். ஊத்தையை அகற்றுவது முக்கியமாகத் தூரிகையின் அசைவுதான்.

(உ) மிஸ்வாக் குச்சியைப் பயன்படுத்துவது முஸ்லிம் குடும்பங்களில் நபிவழியாகப் பேணப்படும் நல்ல பழக்கம். முறையாகச் செய்தால் அதுவும் ஊத்தையை நன்கு அகற்றும். நுனியை மென்று நார்போலாக்கி, முரசோரத்திலும் பல்லின் உட்பக்கத்திலும் மென்மையாகத் தேய்க்க வேண்டும். பழைய நாரை வெட்டிவிட்டுப் புதிதாக மெல்ல வேண்டும். வேப்பங்குச்சிக்கும் இதுவே முறை. குச்சி எட்டாத கடைவாய்ப் பற்களுக்குத் தூரிகையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நோன்பு காலத்தில் ஸஹர் உணவுக்குப் பின்னரும், இரவில் படுக்குமுன்னரும் தீட்டினால் இரண்டு வேளையும் நிறைவேறும்.

(ஊ) முரசு புண்ணாக இருந்தால், இளஞ்சூடான நீர் ஒரு குவளையில் அரைத் தேக்கரண்டி உப்புக் கரைத்துக் கொப்பளிப்பது ஆறுதல் தரும். ஆனால் அது காறையைக் கரைக்காது.

(எ) வெற்றிலை வட்டாவைப் பற்றியும் சொல்ல வேண்டும். வயலில் களைப்புத் தீரவும், கல்யாண வீட்டில் மரியாதைக்காகவும் வெற்றிலை போடுகிறோம். பாக்கும் சுண்ணாம்பும் புகையிலையும் முரசைப் புண்ணாக்கும். அதைவிடப் பெரிய ஆபத்து வாய்ப் புற்றுநோய். நம் நாட்டு ஆண்களிடையே மிகுதியாகக் காணப்படும் புற்றுநோய்களில் அதுவும் ஒன்று. புகையிலை சேர்க்காவிட்டாலும் பாக்கே புற்றுநோயை உண்டாக்கக்கூடியது என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சிப் பிரிவு அறிவித்துள்ளது. இரண்டு வாரத்தில் ஆறாத புண், வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு, வாய் திறக்க முடியாத இறுக்கம் ஆகியவற்றில் ஏதேனும் இருந்தால் உடனே காட்டுங்கள்.

8. நீரிழிவு உள்ளவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும்

சீனி நோய் கட்டுப்பாட்டில் இல்லாவிட்டால் முரசு நோய் வேகமாக முற்றும். அதேபோல் முரசு நோய் இருந்தால் சீனியைக் கட்டுப்படுத்துவதும் கடினமாகும். ஒன்று மற்றதை வளர்க்கும். ஆகவே நீரிழிவு கிளினிக்குக்குச் செல்லும் ஒவ்வொருவரும் பல்லையும் காட்ட வேண்டும். போகும்போது கிளினிக் கொப்பியைக் கொண்டுபோங்கள். இருதய வால்வு நோய் உள்ளவர்களும், இரத்தம் உறையாமல் இருக்க மருந்து எடுப்பவர்களும் அதை முதலிலேயே பல் வைத்தியரிடம் சொல்ல வேண்டும்.

கர்ப்ப காலத்தில் உடலில் ஏற்படும் மாற்றத்தால் முரசு எளிதில் வீங்கி இரத்தம் கசியும். "பிள்ளை வயிற்றில் இருக்கும்போது பல்லில் கை வைக்கக் கூடாது" என்று மூத்தவர்கள் தடுப்பார்கள். அது தேவையற்ற பயம். பல் சுத்திகரிப்பு கர்ப்பிணிக்குப் பாதுகாப்பானதே. கர்ப்பமாக இருப்பதை வைத்தியரிடம் சொன்னால் போதும்.

9. இடம்பெயரும் போது

ஊரை விட்டு ஓடும்போது அடையாள அட்டையையும் பிள்ளையையும் தூக்குவோம். பல் தூரிகையை யார் நினைப்பார்? பிறகு முகாமில் தண்ணீருக்கு வரிசை. மனம் உடைந்த நிலையில் பல்லைப் பற்றிய எண்ணமே வராது. பிஸ்கற்றும் சீனித் தேநீரும் அடிக்கடி கிடைக்கும். கீரையும் பழமும் கிடைக்காது. சில வாரங்களில் முரசு கெடுவதை மேலே பார்த்தோம். மாதங்கள் ஆண்டுகளானால் இழப்பு நிலைத்துவிடும். வீட்டைக் கட்டித் தர உதவி வரலாம். கரைந்த எலும்பை யாரும் கட்டித் தர மாட்டார்கள்.

2024 நவம்பர் வெள்ளத்திலும் நம் மாவட்டத்துக் குடும்பங்கள் வீட்டை விட்டு வெளியேற நேர்ந்தது. இனியும் நேரலாம். ஆகவே இவற்றை இப்போதே தீர்மானியுங்கள்:

– அவசரப் பையில் ஒவ்வொருவருக்கும் ஒரு தூரிகையும் ஒரு பற்பசையும் வையுங்கள்.
– ஒவ்வொன்றிலும் வெவ்வேறு நிற நூல் கட்டுங்கள். ஒருவருடையதை மற்றவர் பாவிக்கக் கூடாது.
– தூரிகையை ஈரத்துணியில் சுற்றாமல், காற்றுப் படும்படி நிமிர்த்தி வையுங்கள். மூன்று மாதமளவில், அல்லது நார் விரிந்ததும் மாற்றுங்கள்.
– தண்ணீர் குறைவாயின் அரைக் குவளை போதும். குடிக்கக்கூடிய நீராக இருக்கட்டும்.
– நிவாரணப் பட்டியல் தயாரிப்பவரிடம் தூரிகையையும் சேர்க்கும்படி சங்கமாகக் கேளுங்கள். கேட்பது பிச்சையல்ல, தேவை.

10. எங்கே செல்வது?

கல்முனையில் அஷ்ரப் ஞாபகார்த்த வைத்தியசாலை, கல்முனை வடக்கு ஆதார வைத்தியசாலை ஆகியனவும், அயலில் சம்மாந்துறை, அக்கரைப்பற்று ஆதார வைத்தியசாலைகளும் உள்ளன. அரசாங்க வைத்தியசாலைகளின் பற்சிகிச்சைப் பிரிவில் கட்டணம் இல்லை. எந்த நாளில், எத்தனை மணிக்கு இலக்கம் கொடுப்பார்கள் என்பதை முன்கூட்டியே விசாரித்து, காலையிலேயே செல்லுங்கள். சிறுவர்களுக்குப் பாடசாலைப் பற்சிகிச்சை நிலையங்கள் உண்டு. இடம்பெயர்ந்தவர் என்பதாலோ, முகவரி மாறியதாலோ சிகிச்சை கேட்கத் தயங்க வேண்டாம்.

சென்றதும் "பல்லைப் பிடுங்கிவிடுங்கோ" என்று சொல்லாதீர்கள். "முரசால் இரத்தம் வருகிறது, சுத்தம் செய்ய வேண்டுமா என்று பாருங்கோ" என்று சொல்லுங்கள். இந்த ஒரு வசனம் ஒரு பல்லைக் காப்பாற்றலாம்.

முகம் வீங்கி, காய்ச்சலும் விழுங்க முடியாமையும் இருந்தால் காத்திருக்க வேண்டாம். இரவானாலும் வைத்தியசாலைக்குச் செல்லுங்கள்.

முடிவாக

பாடத்தின் தொடக்கத்தில் கண்ட அந்தத் தந்தையிடம் திரும்புவோம். ஆடும் இரு பற்களையும் காப்பாற்ற முடியுமா என்பதை வைத்தியர்தான் சொல்ல வேண்டும். ஆனால் மற்றப் பற்களுக்கு இன்னும் காலம் உண்டு. அவருடைய பிள்ளைகளுக்கு எல்லாக் காலமும் உண்டு.

உடல் நமக்குச் சொந்தமல்ல; ஆண்டவர் நம்மிடம் ஒப்படைத்தது என்று கிறிஸ்தவர்கள் நம்புகிறோம். அது அமானிதம் என்று முஸ்லிம் சகோதரர்கள் சொல்கிறார்கள். சொல் வேறானாலும் பொறுப்பு ஒன்றே. நிலமும் வீடும் நம் கையை விட்டுப் போன காலங்கள் உண்டு. அவற்றைத் தடுக்க நம்மால் முடியவில்லை. பல் போவதைத் தடுக்க முடியும். அதற்கு இன்றிரவே தொடங்கலாம்.

கலந்துரையாட

1. நம் குடும்பத்தில் பல் இழந்தவர்கள் யார்? அவர்களின் பல் சூத்தையால் போனதா, ஆடி விழுந்ததா?
2. நோவு வரும்வரை நாம் ஏன் வைத்தியசாலைக்குச் செல்வதில்லை? தூரமா, கூலி இழப்பா, பயமா? எதை நாம் சேர்ந்து தீர்க்கலாம்?
3. தேயிலைத் தோட்டத் தொழிலாளரைப் பரிசோதித்தவர்களுக்கு அவர்களிடம் என்ன கடமை இருந்தது என்று நினைக்கிறீர்கள்?

செய்து பார்க்க

இவ்வாரம் வீட்டில் எல்லோரும் கண்ணாடியில் முரசைப் பாருங்கள். இரத்தம் வருபவர்களின் பெயரை எழுதுங்கள். இரண்டு வாரம் இரு வேளையும் ஒழுங்காகத் தீட்டிய பின் மறுபடி பாருங்கள். இன்னும் இரத்தம் வருபவர்களுக்கு உள்ளே காறை இருக்கலாம். சங்கத்தில் நாள் குறித்து, அவர்களை ஒரே வாகனத்தில் பற்சிகிச்சைப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள். தனியே போகப் பயப்படுபவர்களும் கூட்டமாகப் போனால் போவார்கள்.